இப்போது கேட்கும் கச்சேரிப் பதிவைப் பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்டு, கேட்டதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று துடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகப் பகிர ஆரம்பிக்கும் பலரும் செய்வது ஒன்றுதான். மூன்று மணி நேரப் பதிவின் இணைப்பைப் போட்டு, கீழே "அபாரம், கட்டாயம் கேளுங்கள்" என்று எழுதிவிடுவார்கள். ஒருவரும் திறப்பதில்லை. மூன்று மணி நேரத்தில் எங்கே காதை வைப்பது என்று தெரியாமல் யார்தான் திறப்பார்கள்?

ஒரு பகிர்வைப் படிப்பவருக்கு இரண்டு விஷயம் கிடைக்க வேண்டும். நீங்கள் கேட்ட அதே பதிவை அவர் சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்க வேண்டும், அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் என்ன கெடும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு ஹெட்போன், குறிப்பெழுத நோட்டு அல்லது போன், ஒரு தம்புரா செயலி, கிருதிகளின் (பாட்டுகளின்) சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளைத் தேடிப் பார்க்க நம்பகமான ஒரு தொகுப்பு. அவ்வளவுதான்.

தம்புரா செயலி எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். பதிவு எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், ஓடுகிறது என்று பார்க்கத்தான். ஏழாவது படியில் அது இல்லாமல் முடியாது. ஹெட்போன் வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பழைய பதிவுகளில் வயலினும் தம்புராவும் இரைச்சலுக்கு அடியில் புதைந்துகிடக்கும், போன் ஸ்பீக்கரில் அவை காதில் விழவே விழாது.

2. ஒரே ஒரு உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள்

முழுக் கச்சேரியையும் நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பகிர்வதற்கு ஒரு உருப்படியை, அதாவது ஒரு பாட்டை மட்டும் எடுங்கள். அது மெயின் உருப்படியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கச்சேரி சூடுபிடிக்கும்போது வரும் நாலு நிமிடக் கிருதியோ, கடைசியில் வரும் ஒரு விருத்தமோ (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) போதும். என் அனுபவத்தில் சின்ன உருப்படிகளுக்குத்தான் பதில் அதிகம் வருகிறது, ஏனென்றால் படித்த கையோடு கேட்டு முடித்துவிடலாம்.

"எல்லாமே நன்றாக இருக்கிறதே, எதை விடுவது?" என்று தவிப்பது இயல்பு. மறுநாள் காலையில் தானாக வாயில் முணுமுணுக்க வந்தது எதுவோ அதை எடுங்கள்.

3. தலைப்பைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள், அப்போதே குறித்துவையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பதிவுகளில் தலைப்பும் விவரமும் யாரோ ஒருவர் தட்டெழுதியவை. ராகம் தப்பாக இருக்கும், பக்கவாத்தியக்காரர் பெயர் மாறியிருக்கும், முகப்பில் வேறொரு வித்வானின் படம்கூட இருக்கும். அதை முதலில் படித்துவிட்டால் காது அதையே கேட்க ஆரம்பித்துவிடும். தலைப்பில் நாயகி ராகம் என்று இருந்தால், உள்ளே ஓடுவது தர்பார் ராகமாக இருந்தாலும் நாயகியாகத்தான் கேட்கும்.

அதனால் திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்கும்போது நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள்: ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது) ஆரம்பம், வயலின் எடுத்துக்கொள்ளும் இடம், பல்லவி எடுப்பு (பாட்டின் முதல் வரி தொடங்கும் இடம்), நிரவல் வரி (ஒரே வரியை வெவ்வேறு விதமாக விரித்துப் பாடுவது), கற்பனாஸ்வரம் (ஸ்வரங்களை அந்தக் கணத்தில் கோத்துப் பாடுவது), தனி (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி). பக்கத்திலேயே மனசில் தோன்றியதை ஓரிரு சொல்லில் எழுதுங்கள். "இங்கே மூச்சு பிடித்தேன்", "மிருதங்கம் நின்றுவிட்டது, ஏன்?", "இந்தச் சங்கதி (ஒரு வரியின் இசை வடிவம்) இரண்டாவது தடவை வேறு மாதிரி". இந்தக் கிறுக்கல்களிலிருந்துதான் பிறகு நல்ல பகிர்வு வரும். கேட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்தால் "அருமை" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

4. பாட்டை அடையாளம் காணுங்கள்

முதல் இரண்டு சொல்லை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "நின்னு வினா" என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன புரியும்? நவரசகன்னடாவில் தியாகராஜரின் "நின்னு வினா நாமதெந்து" இருக்கிறது. பூர்விகல்யாணியில் சியாமா சாஸ்திரியின் "நின்னு வினாக மரி" இருக்கிறது. கல்யாணியில் சுப்பராய சாஸ்திரியின் "நின்னு வினா கதி கான" இருக்கிறது. அதனால் பல்லவியின் முதல் வரி முழுவதையும், ராகத்தையும், தாளத்தையும், இயற்றியவரையும் சேர்த்தே எழுதுங்கள். நாலும் சேர்ந்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

இயற்றியவர் யார் என்பதற்குத் தலைப்பை நம்ப வேண்டாம். தெலுங்கில் எது காதில் விழுந்தாலும் தியாகராஜர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. சரணத்தின் (பாட்டின் கடைசிப் பகுதியின்) கடைசி வரிகளை உற்றுக் கேளுங்கள், முத்திரை, அதாவது இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் சொல், அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். தியாகராஜருக்கு அவர் பெயரே முத்திரை. தீட்சிதருக்கு "குருகுஹ", சியாமா சாஸ்திரிக்கு "ஸ்யாமகிருஷ்ண", அவர் மகன் சுப்பராய சாஸ்திரிக்கு "குமார", சுவாதித் திருநாளுக்கு "பத்மநாப", பாபநாசம் சிவனுக்கு "ராமதாஸ", கோபாலகிருஷ்ண பாரதிக்கு "கோபாலகிருஷ்ண". தீட்சிதர் முத்திரை வரியிலோ அதை ஒட்டியோ ராகத்தின் பெயரையே பல கிருதிகளில் கோத்து வைத்திருப்பார், அது கூடுதல் லாபம்.

ஒரு எச்சரிக்கை: 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். அதில் சரணத்தைச் சுருக்கிப் பாடியிருப்பார்கள், சிலவற்றில் பல்லவி, அனுபல்லவியோடு முடிந்துவிடும். முத்திரை வரவில்லை என்றால் சாகித்தியத் தொகுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

தாளத்துக்குக் கையைப் போட்டு எண்ணுங்கள், வேறு குறுக்குவழி கிடையாது. ஆதி என்று நினைத்து எட்டு எண்ணும்போது இடறினால் மிஸ்ர சாபுவாக இருக்கலாம், ஏழு எண்ணிப் பாருங்கள். ஆதியாகவே இருந்தால் ஒரு களையா இரண்டு களையா (ஒவ்வொரு எண்ணிக்கையையும் ஒருமுறை போடுகிறார்களா இரண்டுமுறையா) என்று குறிப்பிடுங்கள். இரண்டு களை என்று தெரிந்தாலே, நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டிய உருப்படி என்று படிப்பவர் புரிந்துகொள்வார்.

5. ராகத்தில் சந்தேகம் இருந்தால்

தர்பார், நாயகி. ஆரபி, தேவகாந்தாரி. பைரவி, மாஞ்சி. ஆனந்தபைரவி, ரீதிகௌளை. புதிதாகக் கேட்பவர்கள் தடுக்கி விழும் ஜோடிகள் இவை. கிருதி தெரிந்துவிட்டால் ராகம் தானே தெரிந்துவிடும், அதனால்தான் நாலாவது படியை முதலில் வைத்தேன். ஆலாபனையை மட்டும் கேட்டுவிட்டு ராகப் பெயரை எழுதி, பிறகு கிருதி ஆரம்பித்ததும் அது வேறு ராகம் என்று தெரிவது அடிக்கடி நடக்கிறது.

பெயர்க் குழப்பமும் உண்டு. பந்துவராளியும் காமவர்த்தினியும் ஒன்றே, 51-ஆவது மேளம் (தாய் ராகப் பட்டியலில் அதன் எண்). சுபபந்துவராளி முற்றிலும் வேறு, அது 45. கர்நாடகத் தோடியும் இந்துஸ்தானித் தோடியும் ஒன்றல்ல. நம் தோடியின் ஸ்வரங்கள் அங்கே பைரவிக்கு நெருக்கம், அவர்கள் தோடியின் ஸ்வரங்கள் இங்கே சுபபந்துவராளி. இரு பக்கமும் கேட்கிறவர்கள் இருக்கும் இடத்தில் பகிர்ந்தால் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விருத்தம், திருப்புகழ், பாசுரம் போன்றவற்றில் ராகம் பாடுபவரைப் பொறுத்து மாறும். புத்தகத்தில் என்ன ராகம் போட்டிருக்கிறது என்று பார்க்காமல், இந்தப் பதிவில் என்ன பாடியிருக்கிறார் என்று எழுதுங்கள். ராகமாலிகை விருத்தமென்றால் வருகிற வரிசையிலேயே ராகங்களை எழுதுங்கள். நடுவில் ஒன்று தெரியவில்லையா? அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு நேரத்தைக் குறிப்பிடுங்கள். தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்வார். யூகத்தை உறுதிபோல் எழுதினால் யாரும் திருத்த வரமாட்டார்கள், அந்தத் தப்பு அடுத்த பத்துப் பேர் பகிர்வில் ஏறிவிடும்.

6. பக்கவாத்தியமும் காலமும்

பாடியவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு வயலின், மிருதங்கம் வாசித்தவர்களை விட்டுவிடுவதுதான் நான் பார்ப்பதிலேயே அதிகமான குறை. இது மரியாதைக் குறைவு, அதோடு பதிவைக் கண்டுபிடிக்கவும் முடியாமல் போகிறது. ஒரே வித்வான் ஒரே கிருதியை இருபது கச்சேரியில் பாடியிருப்பார். எந்தக் கச்சேரி என்று பிரித்துக் காட்டுவது பக்கவாத்தியம்தான். கடம், கஞ்சிரா, மோர்சிங் இருந்தால் அவர்களையும் எழுதுங்கள். தம்புரா போட்டவர் பெயர் தெரிந்தால் அதையும்.

வானொலிப் பதிவென்றால் வேலை சுலபம், ஆரம்பத்திலும் முடிவிலும் அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்வார். பலர் பதிவேற்றும்போது அதை வெட்டிவிடுகிறார்கள், இருந்தால் அந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கைதட்டல், இருமல், பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுகை கேட்டால் அது சபையிலோ கல்யாணத்திலோ பதிவானது. இது எதுவும் இல்லாமல் தம்புரா மட்டும் தெளிவாகக் கேட்டால் ஸ்டூடியோவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வருடம் தெரியாதபோது கலைஞர்களின் வாழ்நாளை வைத்து எல்லை கட்டலாம். பாடகர்களில் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்) மறைந்தது 1965-இல், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இல், மதுரை மணி ஐயர் 1968-இல்; மிருதங்க வித்வான்களில் பழனி சுப்ரமண்ய பிள்ளை 1962-இல், பாலக்காடு மணி ஐயர் 1981-இல். ஆக, அரியக்குடியின் பாட்டுக்குப் பழனியின் மிருதங்கம் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தப் பதிவு 1962-க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. "1964 சபா கச்சேரி" என்று தலைப்பு சொன்னால், வருடமோ மிருதங்கக்காரர் பெயரோ தப்பு. இரண்டில் எது என்று தெரியாவிட்டால் "1962 அல்லது அதற்கு முன், மிருதங்கம் பழனியாக இருந்தால்" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியே விஷயம் தெரிந்தவர்களைப் பேச வைக்கும்.

இன்னொன்று: வெளியீட்டு வருடமும் பாடிய வருடமும் வேறு. சிடியின் பின்னட்டையில் இருக்கும் வருடம் பெரும்பாலும் சிடி வந்த வருடம். 1960-களில் பாடியதை 1990-களின் பதிவாக எழுதிவிட்டு, "இந்த வயதில் இப்படி ஒரு குரலா!" என்று வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. சுருதியைச் சரிபாருங்கள்

ஸ்பூல் டேப்பிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து கணினிக்கு என்று கைமாறி வந்த பதிவுகளில் வேகம் கூடியோ குறைந்தோ இருப்பது சகஜம். வேகம் கூடினால் சுருதியும் ஏறும், இரண்டும் சேர்ந்துதான் மாறும். சுமார் ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், மூன்று மணி நேரக் கச்சேரியில் பத்து நிமிடம் காணாமல் போகும். ஒன்றரைக் கட்டையில் பாடுகிறவர் இரண்டு கட்டையில் கேட்பார். பிருகாக்கள் (குரலின் வேகமான சுழற்சிகள்) இன்னும் மின்னல் வேகத்தில் போகும், கேட்பவர் மெய்மறந்து அந்த வேகத்தையே புகழ்ந்து எழுதிவிடுவார்.

தம்புரா செயலியில் ஸ்ருதியைச் சேர்த்துப் பாருங்கள். அதே வித்வான் அதே காலகட்டத்தில் பாடிய, சரியாக இருக்கும் என்று நம்பத்தக்க இன்னொரு பதிவோடு ஒப்பிடுங்கள். கால் கட்டை, அரைக் கட்டை வித்தியாசம் தெரிந்தால் "பதிவு சற்று வேகமாக ஓடுகிறது போலிருக்கிறது" என்று ஒரு வரி. வயதாக ஆகக் குரல் இறங்குவதால் பலர் சுருதியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு, அதனால் இருபது வருட இடைவெளியில் இருக்கும் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். குரலின் தன்மையையும் கேளுங்கள். வேகம் கூடிய பதிவில் குரல் கொஞ்சம் மெலிந்து, கிள்ளியது போல் கேட்கும், கைதட்டல்கூடச் சடசடவென்று இருக்கும்.

8. ஒரு இடத்தைப் பற்றி எழுதுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் இதற்கான ஏற்பாடு. இப்போது மூன்றாவது படியில் எழுதிய கிறுக்கல்களை எடுத்து, அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, மூன்று நாலு வாக்கியமாக விரியுங்கள்.

பெரும்பாலான பகிர்வுகள் இப்படி இருக்கும்: "கல்யாணி ராகத்தில் தெய்வீகமான நிதி சால சுகமா. கண்ணீர் வந்துவிட்டது." கண்ணீர் உண்மையாகவே வந்திருக்கும், அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் படிப்பவர் அந்தக் கண்ணீர் வந்த இடத்துக்குப் போக வழியில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள் (நேரம் மாதிரிக்குத்தான்):

"நிதி சால சுகமா, கல்யாணி, மிஸ்ர சாபு, தியாகராஜர். நிரவல் 'மமதா பந்தன யுத' வரியில், 22:10-இல் ஆரம்பம். முதல் நாலைந்து சுற்று கீழ் ஸ்தாயியிலேயே நிற்கிறார், குரலே உயரவில்லை. 24:30 வாக்கில் மிருதங்கம் வாசிப்பதைக் குறைத்து வெறும் நடையாகப் போக, வயலின் பாடகரின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்கிறது. அதற்குப் பிறகு மேல் ஷட்ஜத்தை (மேல் ஸ) தொடும்போது, இவ்வளவு நேரம் ஏன் காக்க வைத்தார் என்று புரிகிறது."

இதைப் படித்தவர் 22:10-க்குப் போவார், இரண்டரை நிமிடம் கேட்பார். பிடித்துவிட்டால் ஆலாபனைக்குத் தானே திரும்பிப் போவார். பிடிக்கவில்லை என்றாலும் ஏன் பிடிக்கவில்லை என்று அவரால் சொல்ல முடியும், அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கிறது.

இசை இலக்கணம் தெரியாது என்று தயங்க வேண்டாம். "இங்கே எல்லோரும் ஒன்றாக நிறுத்திவிட்டு, ஒரு கணம் கழித்து ஒன்றாக விழுகிறார்கள்" என்று எழுதினாலே போதும். கோர்வை, மோரா என்று பெயர் தெரியாமல் போனால் பரவாயில்லை, நேரம் சரியாக இருந்தால் தெரிந்தவர் பெயரைச் சொல்லித் தருவார். கடன் வாங்கிய வர்ணனைதான் கூடாது. "தேனினும் இனிய", "கந்தர்வ கானம்", "ஞானப் பிழம்பு" எல்லாம் எந்தப் பதிவுக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தப் பதிவையும் காட்டாது.

ஒப்பீடு செய்யலாம், அளவோடு. "இதே வரியில் இன்னொருவரின் நிரவல் இப்படிப் போகும், இவர் வேறு வழி எடுக்கிறார்" என்பது உதவும். "இவருக்கு முன்னால் இன்றைய பாடகர்கள் யாரும் கிட்ட நிற்க முடியாது" என்று எழுதினால் பேச்சு அத்தோடு பதிவை விட்டு நகர்ந்துவிடும், பிறகு இழுத்துப் பிடிக்க முடியாது.

9. இணைப்பா, கோப்பா?

பொதுவில் கிடைக்கும் பதிவென்றால் இணைப்பை மட்டும் கொடுங்கள், நேரம் சேர்த்த இணைப்பாக. கோப்பை அனுப்பும் பழக்கம் இரண்டு விதத்தில் தொல்லை. முதலாவது, கைமாறும்போது கோப்பின் பெயர் மாறிப்போய், ஆறு மாதத்தில் யார் பாடியது என்றே தெரியாத "ட்ராக் 07" ஆகிவிடும். இரண்டாவது, உரிமை. இந்தியச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருட ஆரம்பத்திலிருந்து 60 வருடம் காப்புரிமை உண்டு. பழசாகத் தோன்றும் பல கேசட்டுகளும் சிடிக்களும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஒரு ரசிகர் தன் வீட்டில் வைத்திருந்த டேப்பை உங்களுக்குக் கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் ஒரு நிமிடம்கூடப் பொதுவில் போடாதீர்கள். அந்த டேப்பைப் பதிந்து, இத்தனை வருடம் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றியவர் அவர். அவர் சரி என்றால், எந்தப் பெயரில் நன்றி சொல்வது, பெயரே வேண்டாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் கேட்ட அனுபவத்தை மட்டும் எழுதலாம், ஆனால் "என்னிடம் இருக்கிறது, தர முடியாது" என்ற தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எழுதும் வரிசை

முதல் வரியில் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர். இரண்டாவது வரியில் பாடியவர், பக்கவாத்தியம், எந்த வகைப் பதிவு, வருடம் அல்லது எல்லை. பிறகு நேரத்தோடு உங்கள் இடம். அப்புறம் சந்தேகங்கள். கடைசியில் இணைப்பு.

இணைப்பை மேலே போட்டால் அதைத் தட்டிவிட்டு, நீங்கள் எழுதியதைப் படிக்காமலே ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, சுருதி சேர்க்கும் இரண்டு நிமிடத்திலேயே மூடிவிடுவார்கள். பெயர்களை முதலில் வைப்பதற்குக் காரணம் தேடல்: நீங்களே அடுத்த வருடம் "யாரோ ஒருவர் பூர்விகல்யாணி பாடினாரே" என்று தேடும்போது முதல் வரிதான் கைகொடுக்கும்.

ராகப் பெயரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கரஹரப்ரியா, கரகரப்பிரியா, எதுவானாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

11. பகிர்ந்த பிறகு

யாராவது வந்து "இது மாஞ்சி, பைரவி இல்லை" என்பார். உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். எந்த இடத்தில் அப்படித் தெரிகிறது என்று நேரத்தைக் கேளுங்கள், அந்த இடத்தை மறுபடி கேளுங்கள். அவர் சொன்னது சரியென்றால் மூலத்திலேயே திருத்தி, திருத்தினேன் என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். கீழே பதிலில் மட்டும் "ஆமாம், மாஞ்சிதான்" என்று எழுதி மேலே பைரவியை அப்படியே விட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் மேலே இருப்பதைத்தான் நகலெடுப்பார்.

பகிர்ந்ததையெல்லாம் ஒரே நோட்டில் ராகவாரியாகச் சேர்த்துவையுங்கள். கல்யாணிப் பக்கத்தில் ஏழெட்டுப் பதிவுகள் நேரத்தோடு சேர்ந்ததும், புதிதாக ஒன்றைக் கேட்கும்போது எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது. ஐந்தாவது படியில் போட்ட கேள்விக்குறிகளையும் அதே நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள், விடை கிடைக்கிறபோது ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம்.